பணம் போயிருச்சுங்ணா…

ஆன்லைன் வேலை என்று நம்பிப் பணத்தைக் கட்டி ஏமாந்தவர்கள் அந்த இரவிலும் அதற்குப் பிறகும் செய்ய வேண்டியது என்ன?

இரவு ஒன்பதரை மணி இருக்கும். திருப்பூரிலிருந்து சித்தி மகள் அழைத்தாள். அந்த நேரத்துக்கு அழைக்கிறவளே இல்லை. எடுத்ததும் அழுகை. "அண்ணா, பணம் போயிருச்சுங்ணா" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "ஒண்ணு அம்பத்தஞ்சு." லட்சமா என்று நான் கேட்கவில்லை. குரலே சொல்லிவிட்டது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்த பிறகு வீட்டோடு இருக்கிறாள். வீட்டிலிருந்தே தினம் இரண்டாயிரம் சம்பாதிக்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறாள். தொட்டதும் வாட்ஸ்அப்புக்கும் அங்கிருந்து டெலிகிராமுக்கும் போனது. மூன்று ஓட்டல்களுக்குக் கூகுள் மேப்பில் ஐந்து நட்சத்திரம் போட்டாள். 150 ரூபாய் கணக்கில் விழுந்தது. 1,000 கட்டினாள், 1,300 வந்தது. 3,000 கட்டினாள், 3,900 வந்தது. அதன்பிறகு வந்தது எதுவும் இல்லை, போனதுதான். மூன்று டாஸ்க்கைச் சேர்த்து முடித்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று முதலில் 12,000, பிறகு 35,000. "தப்பான பட்டனை அமுக்கிட்டீங்க, உங்களால குரூப்பில நாலு பேர் பணமும் நிக்குது" என்று 48,000. அந்த நாலு பேரும் குரூப்பில் அழுது புலம்பினார்களாம். அவர்களும் மோசடிக் கும்பலின் ஆட்கள்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியாக, எடுக்கப் போகும் பணத்துக்கு வரி என்று சொல்லி 60,000. வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள்.

"கடைசியா எப்பக் கட்டினே கண்ணு?"

"சாயங்காலம் ஆறே முக்காலுக்குங்ணா."

"மாப்பிள்ளைகிட்டச் சொன்னியா?"

"ஐயோ, அவருக்குத் தெரியாதுங்ணா. தெரிஞ்சா…"

அந்த 'தெரிஞ்சா' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் மோசடிக்காரனின் பாதி லாபம் இருக்கிறது. ஆறே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை அவள் யாரிடமும் சொல்லாமல், "வரி கட்டிட்டேன் சார், எப்ப வரும்?" என்று அவனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நிமிடத்திலும் அவள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

வரி என்று கேட்டார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் வருமான வரியைப் பிடிக்கிறவர் பிடித்தது போக மீதியைத்தான் தருவார். 'முதலில் வரியைக் கட்டு, அப்புறம் பணம் தருகிறேன்' என்ற நடைமுறை அரசில் இல்லை. அதுவும் யாரோ ஒரு தனி ஆளின் யூ.பி.ஐ. கணக்குக்கு வரி போய்ச் சேருவது உலகத்தில் எங்கும் கிடையாது.

1930

முதலில் இந்த எண்ணுக்குத்தான் அழைக்கச் சொன்னேன். வங்கிக்கோ வக்கீலுக்கோ ஸ்டேஷனுக்கோ போவதெல்லாம் அதன் பிறகு. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் நிதி மோசடி உதவி எண் இது. நாள் முழுக்க இயங்குகிறது. தமிழ்நாட்டில் தமிழிலேயே பேசலாம்.

ஏன் இத்தனை அவசரம்? நீங்கள் கட்டிய பணம் நேராக மோசடிக்காரன் கணக்குக்குப் போவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடைய கணக்கில் இறங்குகிறது. அவர் கல்லூரி மாணவராக இருக்கலாம், கடனில் மூழ்கிய கடைக்காரராக இருக்கலாம். இறங்கிய வேகத்தில் அது நாலைந்து கணக்குகளாகப் பிரிகிறது. அந்த நாலைந்தும் மறுபடி பிரிகின்றன. கடைசியில் ஏ.டி.எம்.மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறி நாட்டைவிட்டே போய்விடுகிறது. மதகு திறந்த தண்ணீர் மாதிரி. வாய்க்காலில் ஓடும்போது அடைத்தால் உண்டு. வயலில் பரவிய பிறகு அள்ள முடியாது.

1930-இல் உங்கள் புகாரைக் கணினியில் ஏற்றியதும் பணம் போன வங்கிக்குத் தகவல் பறக்கும். பணம் அங்கே இருந்தால் அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்துவார்கள். நகர்ந்திருந்தால் எந்த வங்கிக்கு நகர்ந்தது என்று பார்த்து அந்த வங்கிக்குத் தள்ளிவிடுவார்கள். அது அடுத்ததற்கு. பணத்தின் பின்னாலேயே புகாரும் ஓடுகிறது. பந்தயத்தில் யார் முந்துவது என்பது நீங்கள் எத்தனை மணிக்குப் போனை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அழைக்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஒவ்வொரு முறை பணம் அனுப்பியதற்குமான பரிவர்த்தனை எண், தொகை, தேதி, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு எண், எதிராளியின் யூ.பி.ஐ. முகவரி அல்லது கணக்கு எண். ஜிபே, போன்பேயில் அந்தந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் பன்னிரண்டு இலக்க எண் தெரியும், யூ.டி.ஆர். என்றோ யூ.பி.ஐ. டிரான்சாக்ஷன் ஐ.டி. என்றோ போட்டிருக்கும். பெரிய தொகையை மட்டும் சொல்லிவிட்டுச் சின்னதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்குக்குப் போயிருக்கலாம். லைன் கிடைக்கவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நேரடியாகவே புகாரைப் பதியலாம். போனில் சொன்னவர்களும் குறுஞ்செய்தியில் வரும் ஒப்புகை எண்ணை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் அந்தத் தளத்தில் முழு விவரத்தையும் ஏற்றிவிட வேண்டும். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிறகு எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

தங்கை 9.40-க்கு அழைத்தாள். கடைசியாகக் கட்டிய 60,000-இல் 41,200 நின்றது. அதற்கு முந்தைய இரண்டு நாளில் கட்டிய 95,000-இல் ஒரு ரூபாய்கூட நிற்கவில்லை.

குரூப்பைவிட்டு வெளியே வராதீர்கள்

கோபத்தில் பலரும் செய்கிற காரியம், அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் குரூப்பிலிருந்து விலகுவது. 'போலீசுக்குப் போறேன்' என்று மிரட்டுவது அதைவிட மோசம். டெலிகிராமில் உரையாடலை இரண்டு பக்கமும் அழிக்கிற வசதி அவன் கையில் இருக்கிறது. நீங்கள் மிரட்டிய அடுத்த நொடி, ஒரு வாரப் பேச்சும் உங்கள் போனிலிருந்தே காணாமல் போகும்.

எனவே வாயைத் திறக்காமல் முதலில் ஸ்கிரீன்ஷாட். விளம்பரம், தளத்தின் முழு முகவரி, உள்ளே உங்கள் பெயரில் காட்டும் பொய்க் கணக்கு, பணம் கட்டச் சொன்ன செய்தி, யூ.பி.ஐ. முகவரி, அவனுடைய டெலிகிராம் பயனர் பெயர், வாட்ஸ்அப் எண் எல்லாம் தேதி, நேரம் தெரியும்படி. படிக்கும் வரிசையில் மேலிருந்து கீழ்வரை எடுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு மெதுவாக நகர்த்தினால் இன்னும் நல்லது. பிறகு வங்கியிலிருந்து அந்த மாத ஸ்டேட்மென்ட்.

அவன் அனுப்பிய ஏதாவது ஆப்பை, பிளே ஸ்டோரிலிருந்து இல்லாமல் லிங்க் வழியாக, போனில் ஏற்றியிருந்தீர்களா? அப்படியானால் விஷயம் வேறு. உடனே நெட்டை அணைத்துவிட்டு வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து நெட் பேங்கிங், யூ.பி.ஐ., கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். ஆதாரங்களைப் பத்திரப்படுத்திய பிறகு, அந்த ஆப்பை ஏற்றிய போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதே உத்தமம். ஆதார், பான் நகலை அனுப்பியிருந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் பெயரில் கடன் எதுவும் முளைத்திருக்கிறதா என்பதை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக்கொரு முறை இலவசமாகவே அறிக்கை வாங்கிச் சரிபார்க்கலாம்.

வங்கி தருமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி. நேராகச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் தராது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை என்பது அதன் சாரம். ஆனால் அது உங்களுக்குத் தெரியாமல், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறொருவர் கணக்கில் கைவைத்தால் பொருந்துவது. நீங்களே பின் நம்பரை அமுக்கி அனுப்பிய பணத்துக்கு அந்த விதியில் அடைக்கலம் தேடினால் கிடைக்காது. ஆப் வழியாக உங்களை அறியாமல் எடுத்திருந்தால் மட்டும் விடாதீர்கள். அதேபோல், புகாருக்குப் பிறகும் வங்கி சும்மா இருந்தாலோ, 30 நாளாகியும் பதில் தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

மற்றவர்கள் வங்கி மேனேஜரோடு சண்டை போட்டு நாளை வீணடிக்க வேண்டாம். அந்த நாளில் மாவட்டத் தலைநகரில் இருக்கிற சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி, வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். பதிவதுதான் வழக்கு. அதன் நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது சட்டம். ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி, ஏமாற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318 என்று பிரிவுகள் போடுவார்கள். பிரிவு எண்ணைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது, நீங்கள் சொன்ன எல்லாப் பரிவர்த்தனைகளும் அதில் ஏறியிருக்கின்றனவா என்பதைத்தான். 'சின்னத் தொகைதானே' என்று அலுத்துக்கொள்கிற அதிகாரி எதிர்ப்படலாம். உட்கார்ந்து ரசீது வாங்கிக்கொண்டே எழுந்திருங்கள்.

வந்த பணமும் வினையாகும்

தங்கை கதையில் நானே எதிர்பாராத திருப்பம் ஒன்று வந்தது. மூன்று வாரம் கழித்து அவள் கணக்கு முடங்கியது. கேஸ் மானியம் எடுக்க முடியவில்லை. கிளையில் போய்க் கேட்டால், வேறு மாநிலத்து போலீஸ் நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்றார்கள். காரணம், முதலில் ஆசைகாட்ட வந்த அந்த 3,900. அது மோசடிக்காரன் தன் கைக்காசிலிருந்து கொடுத்ததல்ல. அங்கே இன்னொருத்தி கட்டிய பணம். அவள் புகார் கொடுத்திருக்கிறாள். அவள் பணத்தின் தடம் என் தங்கை கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அந்த மாநிலத்து போலீஸ் பார்வையில் இவளும் சந்தேகத்துக்குரியவள்!

இப்படி நேர்ந்தால் பயந்து ஒளிய வேண்டாம். எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் சொந்தப் புகாரின் நகல், ஸ்டேட்மென்ட், உரையாடல் ஆகியவற்றோடு அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை விடுவிக்கக் கோருங்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் ஒரு வழக்கில், அந்தத் தொகையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கை இயங்க விடும்படி உத்தரவிட்டிருக்கிறது.

இன்னொரு வலையும் உண்டு. பணத்தை இழந்தவரிடமே, 'உங்க அக்கவுன்ட்டைக் கொடுங்க, கமிஷன்ல நஷ்டத்தை ஈடுகட்டலாம்' என்பார்கள். ஒத்துக்கொண்டால் அன்றே நீங்கள் புகார்தாரர் அல்ல, குற்றவாளி.

அடுத்து வருகிறவன் 'மீட்புக்காரன்'. ஏமாந்தவர்கள் பட்டியல் கைமாறும். 'சைபர் செல்லில் இருந்து பேசுறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, புராசஸிங் ஃபீஸ் கட்டுங்க' என்று அழைப்பு வரும். வீடியோ காலில் காக்கிச் சட்டையும் தெரியும். பணம் மீட்டுத் தரப் போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை, நீதிமன்றம் யூ.பி.ஐ.யில் பணம் கேட்பதில்லை.

நம்பிக்கை என்ற நோய்

2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது நினைவிருக்கலாம். செல்போனில் விளம்பரம் பார்த்தால் காசு தருவதாகச் சொன்ன நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் பாய்ந்தபோது, பணம் கட்டியவர்களே அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகக் கூடினார்கள். எனக்கு அது பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை மோசடிக் காலத்தை நினைவூட்டியது. 2012-இல் பண்ணைகள் மூடி, தீனியில்லாமல் கோழிகள் சாகும் வரை, 'அண்ணன் கைவிட மாட்டார்' என்று சொன்னவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். கட்டிய பணத்தின் மேல் இருக்கிற பாசம், வாங்கியவன் மேல் நம்பிக்கையாக வேடம் போடுகிறது. 'கம்பெனிமேல கேஸ் போட்டா நம்ம பணமும் போயிரும்' என்று குரூப்பில் யாராவது எழுதினால், எழுதியது யார் என்று யோசியுங்கள்.

இப்படி ஊருக்குள் அலுவலகம், ஏஜென்ட், கூட்டம் என்று நடத்தி டெபாசிட் வாங்கியவர்கள் மீது போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. முதலீட்டாளர் நலனைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்கிறது. புகார் கொடுத்தவர் பெயர்தான் அப்படிப் பணம் பெறுவோர் பட்டியலில் இருக்கும்.

டெலிகிராம் கும்பலுக்கு ஊரில் வாசற்படி இல்லை. 2023 டிசம்பரில், பகுதிநேர வேலை மோசடி நடத்திய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை ஒன்றிய அரசு முடக்கியபோது, அவை வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்டவை என்றது. எதிர்முனையில் இனிக்க இனிக்கப் பேசுகிறவரும் சில நேரம் கைதிதான். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, அடி உதையோடு இந்த வேலையைச் செய்ய வைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். இதைச் சொன்னால் தங்கை ஆறுதல் அடைவாள் என்று நினைத்தேன். "அதுக்கு நான் என்னங்ணா பண்ணட்டும்?" என்றாள். நியாயம்தான்.

மாப்பிள்ளையிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டாளாங்க?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். குழுக் கடனையும் நகைக் கடனையும் நினைத்து உயிரைவிட நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஓர் எண்ணம் வந்தால் 104 அல்லது 14416. இரண்டும் இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டில் ஒருவர் ஏமாந்திருந்தால், 'உனக்கு ஏன் பேராசை?' என்ற கேள்வியை ஒரு மாதத்துக்கு ஒத்திவையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் 1930-க்கு அவர்கள் அழைப்பதில்லை.

நின்ற பணம் தானாக வராது

நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சகம் கொடுத்த கணக்கின்படி, சைபர் மோசடியில் இந்தியர்கள் இழந்தது 2023-இல் 7,465 கோடி ரூபாய். 2024-இல் 22,845 கோடி. தமிழ்நாட்டுக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2024 ஜனவரி முதல் செப்டம்பர் வரை இங்கே பறிபோனது சுமார் 1,116 கோடி. அதில் 526 கோடி வங்கிகளில் முடக்கப்பட்டது. உரியவர்களுக்குத் திரும்பியது 48 கோடி.

பறிபோனதில் ஏறக்குறைய பாதி நின்றிருக்கிறது; நின்றதில் பத்தில் ஒரு பங்குகூட வீடு வந்து சேரவில்லை. போலீஸ் தாமதம், வங்கித் தாமதம், நீதிமன்றத் தாமதம் எல்லாம் உண்டு. அதோடு, புகார் கொடுத்தவர்கள் தங்கள் பணம் நின்றிருக்கிறது என்பதே தெரியாமல் அதைத் தலைமுழுகிவிடுவதும் உண்டு.

நிறுத்திவைத்த பணத்தை வங்கி தானாக எடுத்துத் தராது. வழக்கமான பாதை இது. உங்கள் தொகையில் எவ்வளவு, எந்த வங்கியில், எந்தக் கணக்கில் நிற்கிறது என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் வாங்க வேண்டும். அதை வைத்து, எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆம் பிரிவின் கீழ் பணத்தை விடுவிக்கக் கோரி மனுப் போட வேண்டும். நீதிபதி போலீசிடம் அறிக்கை கேட்பார். ஆட்சேபம் இல்லையென்றால் வங்கிக்கு உத்தரவு போகும். சிறு தொகைக்கு நடைமுறையை எளிதாக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. நீதிமன்றம் போகாமல் முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். வக்கீல் செலவுக்குப் பயந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-ல் அழைத்தும் கேட்கலாம்.

தங்கைக்கு ஏழு மாதம் ஆனது. ஸ்டேஷனுக்கு ஐந்து நடை, கோர்ட்டுக்கு மூன்று நடை, கைக்குழந்தையோடு. 41,200 ரூபாய் கணக்கில் ஏறிய அன்று வளையலின் வட்டியைக் கட்டினாள்.

நீங்கள் போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ புகார் கொடுத்துவிட்டு விட்டுவிட்டவராக இருந்தால், அந்த ஒப்புகை எண் பழைய குறுஞ்செய்திகளில் எங்காவது கிடக்கும். இன்றைக்கே தேடி எடுங்கள். திங்கட்கிழமை காலை சைபர் கிரைம் நிலையத்துக்குப் போய், 'என் பணத்தில் எவ்வளவு நிற்கிறது?' என்று கேளுங்கள்.